சுற்றாத ராட்டினமும் சூடான மோட்டாரும்

நவராத்திரியோ பள்ளி அறிவியல் கண்காட்சியோ நெருங்கினால் நமக்கு வரும் கடிதங்களில் பாதி ராட்டினத்தில் ஏறித்தான் வரும். இந்த முறை எல்லாமே ஒரே ரகம்: அட்டையிலும் ஐஸ் குச்சியிலும் வீட்டிலேயே செய்த ராட்டினத்துக்கு மோட்டார் வைப்பது எப்படி? ஏறி உட்காருங்கள். சங்கிலியை மாட்டிக்கொள்ளுங்கள். சுற்றலாம்.

ஏழாம் வகுப்பு மாணவன், நாமக்கல்
ஐஸ் குச்சியில் ஜெயன்ட் வீல் செய்தேன். பொம்மைக் காரில் இருந்த மோட்டாரை நேராக அச்சில் செருகி ஸ்விட்ச் போட்டேன். பெட்டிகளில் உட்கார வைத்த பட்டாணி எல்லாம் அறை முழுக்கப் பறந்துவிட்டது. ஏன்?

ஏறியது பட்டாணி என்பதால் பிழைத்தாய் தம்பி. அந்தச் சின்ன மோட்டார் சுமை இல்லாதபோது நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்று வரை போகும். உன் வீலின் குறுக்களவு 30 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள். நிமிடத்துக்கு 77 சுற்றைத் தாண்டினாலே உச்சிக்கு வரும் பட்டாணி இருக்கையை விட்டு எழும்பிவிடும். பார்க்க அழகாக இருக்க 10 முதல் 15 சுற்று போதும். லண்டனில் தேம்ஸ் கரையில் நிற்கும் 135 மீட்டர் உயர 'லண்டன் ஐ' ஒரு சுற்று முடிக்க ஏறக்குறைய அரை மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. ராட்டினத்துக்கு அழகு நிதானம். வேகம் காட்ட மிக்ஸி இருக்கிறது.

அதே மாணவனின் அப்பா, நாமக்கல்
வேகத்தைக் குறைப்பது எப்படி என்று சொல்லவில்லையே? பையன் என்னைப் பார்க்கிறான்.

நீங்கள் என்னைப் பார்க்கிறீர்கள். சரி. சின்னச் சக்கரம் பெரிய சக்கரத்தைச் சுழற்றினால் வேகம் குறையும். மோட்டார் தண்டில் 5 மில்லிமீட்டர் குறுக்களவில் ஒரு குழாய்த் துண்டு. அதிலிருந்து ரப்பர் பேண்டு போட்டு 50 மில்லிமீட்டர் மூடி ஒன்று. வேகம் பத்தில் ஒன்று ஆகிவிடும். அந்த மூடியின் அச்சிலேயே இன்னொரு சின்னக் குழாய், அதிலிருந்து இன்னொரு பெரிய மூடி என்று போட்டால் நூறில் ஒன்று. கவனியுங்கள்: பத்தும் பத்தும் இங்கே இருபது ஆகாது, நூறு ஆகும். வேகத்தில் விட்டதெல்லாம் பலமாகத் திரும்பி வரும், உராய்வு தன் கமிஷனைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தரும்.

இன்னும் சுருக்கமான வழி, வீலின் விளிம்பிலேயே மோட்டார் தண்டை உரசவிடுவது. தண்டின் தடிமன் 2 மில்லிமீட்டர். அதற்கு ஒரு மெல்லிய ரப்பர் உறை போட்டால் 3 என்று ஆகும். வீலின் குறுக்களவு 30 சென்டிமீட்டர். ஒரே தாவலில் நூறில் ஒன்று! லண்டன் ஐயும் இந்த வழியில்தான் சுற்றுகிறது: விளிம்பை அழுத்திப் பிடித்த ரப்பர் டயர்கள்தான் அதை ஓட்டுகின்றன. நடு அச்சை முறுக்கி அவ்வளவு பெரிய வீலைச் சுற்றுவது, கதவின் கீல் ஓரத்தில் கை வைத்துக் கதவைத் தள்ளுவது மாதிரி.

கடைக்குப் போகத் தயங்குபவர், கரூர்
மோட்டார் கடையில் என்ன பெயர் சொல்லிக் கேட்பது?

'பி.ஓ. மோட்டார்' என்று கேளுங்கள். மஞ்சள் பிளாஸ்டிக் டப்பா, பக்கவாட்டில் வெள்ளைத் தண்டு. சென்னை ரிட்சி தெருவில் காய்கறி மாதிரி கூடையில் கிடக்கும். உள்ளேயே 48-க்கு 1 என்று வேகம் குறைக்கும் பல்சக்கரங்கள் உண்டு. 6 வோல்ட்டில் நிமிடத்துக்கு 200 சுற்றுக்கு அக்கம்பக்கம். அதுவும் ஜெயன்ட் வீலுக்கு அதிகம்தான். மேலும் ஒரு ரப்பர் பேண்டு போட்டுப் பத்தில் ஒன்றாக்குங்கள். சின்னதாக, உலோகப் பல்லோடு வேண்டுமென்றால் 'என்20'. எதை வாங்கினாலும் எத்தனை வோல்ட் என்று கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று கேளுங்கள். கடைக்காரர் உங்களைத் தொழில் தெரிந்தவர் என்று நினைப்பார். அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது.

குழம்பியவர், திருச்சி
செவ்வகமான 9 வோல்ட் பேட்டரி போட்டேன். இரண்டு நிமிடம் ஓடிவிட்டுப் படுத்துவிட்டது. 6-ஐவிட 9 பெரிது என்றுதானே பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள்?

தண்ணீர்த் தொட்டி மூன்றாவது மாடியில் இருக்கிறது. ஆனால் குழாய் பேனா ரீஃபில் அளவு. வேகமாக வரும், குடம் நிறையாது. அந்தப் பேட்டரிக்குள் ஆறு குட்டி செல்கள் அடுக்கியிருக்கின்றன. மல்டிமீட்டர், புகை எச்சரிக்கைக் கருவி மாதிரி சிக்கனமாகச் சாப்பிடுகிறவற்றுக்காகச் செய்தது. மோட்டார் சாப்பாட்டு ராமன். நான்கு பென்சில் செல்லை வரிசையாகப் போடுங்கள், நிம்மதியாக ஓடும். அறிவியல் கண்காட்சிகளில் 'காலையில் ஓடியது சார்' என்ற வாக்கியத்தைப் பிரபலமாக்கியதே இந்த 9 வோல்ட் பேட்டரிதான்.

இன்னும் மலிவான வழி, மேசை இழுப்பறையில் தூங்கும் பழைய மொபைல் சார்ஜர். 5 வோல்ட் தரும், பி.ஓ. மோட்டாருக்கு அளவெடுத்துத் தைத்தது. பவர் பேங்கை நம்பினால் ஒரு சிக்கல். மின்சாரம் கொஞ்சமாகப் போனால் 'யாரும் இல்லை போலிருக்கிறது' என்று சில பவர் பேங்குகள் தாமாகவே அணைந்துவிடும்.

கொலுப்படி மாமி, மயிலாப்பூர்
கொலுப் பூங்காவில் குடை ராட்டினம் வைத்தேன். கரண்டில் நேராக ஓடும் சின்ன மோட்டார். முதல் நாள் வலமாகச் சுற்றியது. மறுநாள் இடமாகச் சுற்றுகிறது. நாத்தனார் அபசகுனம் என்கிறார்.

அபசகுனம் இல்லை மாமி, அதன் சுபாவம். நீங்கள் வாங்கியது சிங்க்ரனஸ் மோட்டார். உள்ளே ஒரு காந்தம். வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் ஆடுகிறது. ஸ்விட்ச் போடும் அந்தக் கணத்தில் அலை எந்தப் பக்கம் இருந்ததோ, காந்தம் எந்தப் பக்கம் நின்றிருந்ததோ, அதைப் பொறுத்துத்தான் அது வலமா இடமா என்று முடிவாகும். நாத்தனார் வீட்டில் மைக்ரோவேவ் அடுப்பு இருந்தால், உள்ளே சுற்றும் கண்ணாடித் தட்டைக் கவனிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலானவற்றில் இதே மோட்டார்தான். அதுவும் ஒரு முறை இப்படி, ஒரு முறை அப்படி.

ஆனால் எனக்குக் கவலை திசையைப் பற்றி இல்லை. குழந்தைகள் கை வைக்கும் கொலுவில், பட்டுத் துணிக்கு அடியில், 230 வோல்ட் ஒயர் வேண்டாம். 12 வோல்ட் அடாப்டரும் அதற்கேற்ற கியர் மோட்டாரும் வாங்கிக்கொள்ளுங்கள். வலமாகவே சுற்றும், சுண்டல் வாங்க வரும் குழந்தைகளும் பத்திரம்.

அந்த மாமியின் நாத்தனார், மயிலாப்பூர்
12 வோல்ட் மோட்டார் மட்டும் இடமாகச் சுற்றாதா?

சுற்றும். இரண்டு ஒயரை மாற்றி மாட்டினால் சுற்றும். மாமி வெளியே போயிருக்கும்போது மாற்றிவிடாதீர்கள்.

நடுவர் பயம், ஈரோடு
என் வீல் பாதிச் சுற்று திணறி ஏறுகிறது, மறுபாதி தடாலென்று விழுகிறது. பெரிய மோட்டார் வாங்கட்டுமா?

வேண்டாம். முதலில் ரப்பர் பேண்டைக் கழற்றிவிட்டு வீலை விரலால் ஒரு தட்டு தட்டுங்கள். ஆடி ஆடி நிற்கட்டும். மறுபடி தட்டுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே பெட்டி அடியில் வந்து நின்றால் குற்றவாளி அந்தப் பெட்டிதான். அந்தப் பக்கம் கனம். எதிர்ப் பக்கத்தில் கொஞ்சம் களிமண் ஒட்டுங்கள். இப்போது எங்கே விட்டாலும் அங்கேயே நிற்கிறதா? வேலை முடிந்தது. கார் டயர் கடையில் சக்கரத்துக்கு ஈயத் துண்டு அடிப்பதும் இதே வைத்தியம்தான்.

பொருட்காட்சியில் ஜெயன்ட் வீல் ஓட்டுகிறவரைக் கவனித்திருக்கிறீர்களா? வரிசையாக ஆள் ஏற்ற மாட்டார். இங்கே ஒரு பெட்டி, நேர் எதிரே ஒரு பெட்டி என்று ஏற்றுவார். குடும்பத்தைப் பிரிக்கிறாரே என்று நமக்குக் கோபம் வரும். அவர் கவலை எடை.

ஓர் அக்கா, விருதுநகர்
எல்லாப் பெட்டியும் மேலே போனதும் தலைகீழாகக் கவிழ்கிறது. தம்பி அழுகிறான்.

பெட்டியின் நடுவிலோ அடியிலோ கம்பியைக் குத்தியிருக்கிறீர்கள். தொங்குகிற புள்ளி மேலே, கனம் கீழே, இதுதான் விதி. பெட்டியின் மேல் ஓரத்தில் காலி ரீஃபில் துண்டு ஒன்றை ஒட்டி, அதற்குள் கம்பியை விடுங்கள். பெட்டிக்கு அடியில் ஒரு ரூபாய் நாணயம் ஒன்றையும் ஒட்டிவிட்டால் அது கவிழ நினைத்தாலும் முடியாது. ஒட்டும்போது பசை ரீஃபிலுக்குள் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபெவிக்விக்குக்குச் சந்து பொந்தெல்லாம் தெரியும்.

மாலுமி, நாகப்பட்டினம்
கொலம்பஸ் கப்பல் செய்தேன். மோட்டாரில் ஒரு வட்டு, வட்டின் ஓரத்தில் ஓர் ஊசி, கப்பலைத் தாங்கும் தண்டில் ஒரு நீளமான பிளவு. ஊசி பிளவுக்குள் ஓடுகிறது. கப்பல் ஆடுகிறது. ஆனால் போகும்போது நிதானமாகப் போய், வரும்போது பாய்ந்து வருகிறது. நொண்டுகிற மாதிரி இருக்கிறது.

வாழ்த்துகள். கப்பல் செய்யப் போய் ஷேப்பர் மெஷின் செய்திருக்கிறீர்கள். ஐ.டி.ஐ.யில் படித்த யாரையாவது கேளுங்கள், கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்: உலோகத்தைச் சீவும்போது மெதுவாகப் போகவும், வெறுமனே திரும்பும்போது நேரம் வீணாகாமல் சட்டென்று வரவும் பட்டறையில் பயன்படும் அமைப்பு இது. கணக்கு இதோ. ஊசி சுற்றும் வட்டத்தின் ஆரம் 2 சென்டிமீட்டர், மோட்டார் மையத்துக்கும் கப்பல் தொங்கும் புள்ளிக்கும் நடுவே 4 சென்டிமீட்டர் என்றால், கப்பல் இரு பக்கமும் 30 டிகிரி சாயும். ஆனால் ஒரு பக்கம் போக ஊசி 240 டிகிரி சுற்ற வேண்டும், திரும்பி வர 120 டிகிரி போதும். போகிற நேரம் வருகிற நேரத்தைப் போல இரண்டு மடங்கு. நொண்டாமல் என்ன செய்யும்?

மருந்து சுலபம். பிளவை விட்டுவிட்டு, ஊசிக்கும் கப்பல் தண்டுக்கும் நடுவே ஒரு நீளமான இணைப்புக் கம்பி போடுங்கள், பழைய தையல் மிஷின் மிதியிலிருந்து சக்கரத்துக்குப் போகுமே அந்த மாதிரி. ஊசியின் ஆரத்தைப் போல ஐந்தாறு மடங்கு நீளம் இருக்கட்டும். இரண்டு பக்கமும் ஏறக்குறைய சம நேரம் வரும்.

அவசரக்காரர், ஓசூர்
கொலம்பஸை மோட்டாரோடு கட்டிப்போடாமல், ஊஞ்சல் மாதிரி தள்ளிவிட்டால் போதாதா?

பெரிய கப்பலில் அப்படித்தான். கப்பலின் அடியில் ஒரு ரப்பர் டயர் இருக்கும். ஒவ்வொரு முறை கப்பல் கடக்கும்போதும் உரசித் தள்ளிவிடும். குழந்தையை ஊஞ்சலில் ஆட்டும் பாட்டியின் நுட்பம்தான். பொம்மையில் அதைச் செய்தால் வேறு வம்பு. 10 மீட்டர் நீளத்தில் தொங்குவது ஒருமுறை போய்வர ஆறு நொடிக்குமேல் ஆகும். 10 சென்டிமீட்டரில் தொங்குவதற்கு முக்கால் நொடிகூட ஆகாது. அளவு நூறில் ஒன்று ஆனால் நேரம் பத்தில் ஒன்றாகச் சுருங்கிவிடும். சும்மா தொங்கவிட்ட பொம்மைக் கப்பல் வெடவெடவென்று நடுங்கும், புயலில் சிக்கிய மாதிரி. கம்பீரமாக ஆட வேண்டுமென்றால் மோட்டாரோடு கட்டிப்போட்டே ஆக வேண்டும்.

பறக்க ஆசைப்படுபவர், கோவை
சங்கிலியில் நாற்காலி தொங்கும் ராட்டினம் செய்தேன். ஜெயன்ட் வீல் மாதிரியே நிதானமாகச் சுற்றுகிறேன். நாற்காலிகள் வெளியே விரிய மாட்டேன் என்கின்றன. நாற்காலியில் கனம் வைத்துப் பார்த்தேன், அப்போதும் இல்லை.

கனம் வைத்துப் பயனில்லை. நாற்காலி எவ்வளவு சாயும் என்பதில் எடைக்குப் பங்கே கிடையாது. பெரிய ராட்டினத்தில் குண்டான மாமாவும் ஒல்லியான மருமகனும் ஒரே சாய்வில் பறப்பதைப் பார்த்திருப்பீர்கள். சுற்றும் வேகமும் வட்டத்தின் ஆரமும்தான் கணக்கு. நாற்காலி 10 மீட்டர் ஆரத்தில் சுற்றினால் 30 டிகிரி சாய நிமிடத்துக்கு ஏழு சுற்று போதும். உங்கள் பொம்மையில் ஆரம் 10 சென்டிமீட்டர் என்றால் 72 சுற்று வேண்டும். முந்தைய பதிலில் சொன்ன அதே பத்து மடங்கு.

ஆக, இங்கே என் நிதான உபதேசத்தை நானே வாபஸ் வாங்குகிறேன். ஜெயன்ட் வீலுக்குக் குறையுங்கள், இதற்குக் கூட்டுங்கள். பி.ஓ. மோட்டாரை நேராக நடுத்தண்டில் மாட்டி, மூன்று வோல்ட்டில் தொடங்கி ஏற்றிப் பாருங்கள். சங்கிலிக்கு நகைக்கடைச் சங்கிலி வேண்டாம், தையல் நூலே போதும்.

குதிரை வீரன், தஞ்சாவூர்
குடை ராட்டினத்தில் குதிரைகள் மேலும் கீழும் போக வேண்டும். ஆறு குதிரைக்கு ஆறு மோட்டாரா?

ஒன்றுதான். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் கிங்ஸ் லின் ஊரில் ஃப்ரெடரிக் சாவேஜ் என்ற பட்டறைக்காரர் நீராவியில் ஓடும் ராட்டினங்களைச் செய்து ஊர் ஊராக அனுப்பினார். அத்தனை குதிரைக்கும் ஒரே எஞ்சின். குதிரை ராட்டினத்தின் ரகசியம் மேலே, கூரைக்குள் இருக்கிறது. நடுத்தூணில் அசையாத ஒரு பெரிய பல்சக்கரம். ஒவ்வொரு குதிரை வரிசைக்கும் ஓர் இரும்புத் தண்டு. அதன் நுனியில் ஒரு சின்னப் பல்சக்கரம். ராட்டினம் சுற்றும்போது சின்னது பெரியதின் மேல் உருண்டு தண்டைச் சுழற்றும். தண்டு நேராக இருக்காது, சுற்றும் கைப்பிடி போல வளைந்திருக்கும். அந்த வளைவில் தொங்கும் குதிரை ஏறி இறங்கும்.

பொம்மைக்கு இதைவிடச் சுலபமான வழி உண்டு. மேடைக்கு அடியில் ஓர் அட்டை வளையத்தை அலை அலையாக வெட்டி அசையாமல் ஒட்டுங்கள். குதிரையின் குச்சி மேடையில் போட்ட ஓட்டை வழியாகக் கீழே இறங்கி அந்த அலையின் மேல் உட்காரட்டும். மேடை சுற்றினால் குச்சி மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும். குச்சியின் நுனியில் ஒரு பாசிமணி ஒட்டினால் வழுக்கும். அலை செங்குத்தாக இருந்தால் குதிரை முட்டி நிற்கும், சரிவு மெதுவாக இருக்கட்டும்.

சோம்பேறி என்று வீட்டில் அழைக்கப்படுபவர், வேலூர்
மோட்டாரே இல்லாமல் சுற்றும் பெட்டி ஏதாவது உண்டா?

உண்டு. 1926-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஹெர்பர்ட் செல்னர் செய்த 'டில்ட்-எ-வேர்ல்'. மேடு பள்ளமான வட்டப் பாதையில் மேடை சுற்றும். அதன்மேல் ஏழு பெட்டிகள்; எதற்கும் தனி மோட்டார் கிடையாது. கனம் ஒரு பக்கமாக இருப்பதால், மேடை சாயும் போதெல்லாம் பெட்டி தானாகச் சுழலும். அடுத்து எந்தப் பக்கம் சுழலும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. 1994-இல் இரண்டு இயற்பியலாளர்கள் இதை ஒழுங்கின்மைக் கோட்பாட்டுக்கு உதாரணமாக எடுத்து ஆய்வுக் கட்டுரையே எழுதினார்கள். நீங்கள் சோடா மூடியும் குண்டூசியும் ஓரத்தில் ஒரு துளி களிமண்ணும் வைத்துச் செய்துவிடலாம். சோம்பேறித்தனமும் சில சமயம் அறிவியல்தான்.

விளக்குப் பிரியர், சிவகாசி
வீலில் எல்.இ.டி. மாட்டினேன். நாலு சுற்று சுற்றியதும் ஒயர் முறுக்கிக்கொண்டு அறுந்துவிட்டது.

ஒயருக்குச் சுற்றத் தெரியாது, முறுக்கத்தான் தெரியும். மூன்று வழிகள். ஒன்று: பேட்டரியையும் வீலின் நடுவிலேயே கட்டிவிடுங்கள், அதுவும் சேர்ந்து சுற்றட்டும். இரண்டு: அச்சைச் சுற்றி இரண்டு செம்புப் பட்டை ஒட்டி, நிற்கிற தூணிலிருந்து இரண்டு மெல்லிய கம்பிகள் அவற்றை உரசும்படி வையுங்கள். பெரிய ராட்டினங்களில் 'ஸ்லிப் ரிங்' என்று இருப்பது இதுதான். மூன்றாவது வழி எனக்குப் பிடித்தது. பழைய ஹெட்ஃபோனின் ஜாக்கை அச்சின் நுனியில், இம்மியும் விலகாமல் நடுவில் ஒட்டுங்கள். அது செருகும் சாக்கெட்டைத் தூணில் ஒட்டுங்கள். ஜாக் உள்ளே சுற்றும், தொடர்பு அறாது. வீட்டு மின்சாரத்தில் நேராக எரியும் சீரியல் பல்பை மட்டும் சுற்றுகிற எதிலும் கட்டாதீர்கள்.

ஒரு மனைவி, சேலம்
என் வீட்டுக்காரர் பழைய மிக்ஸியைப் பிரித்து அதன் மோட்டாரில் ராட்டினம் ஓட்டப் போகிறாராம்.

அந்த மோட்டார் நிமிடத்துக்குப் பதினைந்தாயிரம் சுற்றுக்கு மேல் போகும், அதுவும் வீட்டு மின்சாரத்தில். ராட்டினம் துவையலாகிவிடும். கெட்டுப்போன பிரிண்டர் இருந்தால் அவர் கையில் கொடுங்கள். மோட்டார், பல்சக்கரம், பெல்ட், நேரான இரும்புத் தண்டு எல்லாம் அதற்குள் இருக்கிறது. ஒரு வாரம் சத்தமே வராது.

அவரேதான், சேலம்
சரி, பிரிண்டர் மோட்டாரே. ஃபேன் ரெகுலேட்டரை வைத்து அதன் வேகத்தைக் குறைக்கலாமா?

ஐயா, நீங்களும் வீடும் பத்திரமாக இருக்க வேண்டும். அது வீட்டு மின்சாரத்துக்கு; உங்கள் மோட்டார் பேட்டரி சாதி. ரேடியோவின் வால்யூம் திருகியும் ஆகாது, மோட்டார் இழுக்கிற மின்சாரத்தில் அது கருகும். 'பி.டபிள்யூ.எம். கண்ட்ரோலர்' என்று குட்டிப் பலகை கிடைக்கும். மின்சாரத்தை நொடிக்குப் பல நூறு முறை விட்டு விட்டுத் தரும். வேகம் குறையும், இழுவை பெரிதாகக் குறையாது. வெறுமனே வோல்ட்டைக் குறைத்தால் வீல் கிளம்பவே தயங்கும்.

இளைஞர் மன்றம், ஆரணி
மூன்றடி உயரத்தில் இரும்புக் கம்பியில் வீல் செய்கிறோம். பி.ஓ. மோட்டார் முனகுகிறது.

முனகுகிற மோட்டாரை உடனே அணையுங்கள். சுற்றாமல் நிற்கும் மோட்டார்தான் அதிகமாக மின்சாரம் குடிக்கும், சுருள் சூடாகிக் கருகும். உங்களுக்குச் சரியான ஆள் கார் வைப்பர் மோட்டார். 12 வோல்ட், மெதுவான வேகத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 40 சுற்று. உள்ளே திருகுப் பல்சக்கரம் இருப்பதால் அணைத்ததும் வீல் பின்னோக்கி உருளாது. பல ஆம்பியர் தரும் அடாப்டர் வேண்டும். அச்சுக்கு ஃபிட்ஜெட் ஸ்பின்னரின் நடுவில் இருக்கும் பேரிங் போதும்: 8 மில்லிமீட்டர் துளை, 22 மில்லிமீட்டர் வெளியளவு. ஆசிரியர்கள் வகுப்பில் பிடுங்கி வைத்தது இன்றும் அலமாரியில் இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

மோட்டாரிலிருந்து வீலுக்குப் பல்சக்கரம் போடாமல் பெல்ட் போடுங்கள். யாராவது வீலைப் பிடித்து நிறுத்தினால் பெல்ட் வழுக்கிவிடும். பல்சக்கரம் என்றால் பல் போகும், அல்லது விரல் போகும்.

சினிமா ரசிகர், மதுரை
ஒவ்வொரு பெட்டியும் கீழே வந்ததும் ஆள் ஏற நின்று நின்று போக வேண்டும். கம்ப்யூட்டர் வேண்டுமா?

தியேட்டர் ஆபரேட்டர் போதும். பழைய ஃபிலிம் புரொஜெக்டர் நொடிக்கு 24 முறை படச்சுருளை இழுத்து நிறுத்தி, இழுத்து நிறுத்தி ஓடியது ஜெனீவா சக்கரத்தால்தான். பிளவுகள் உள்ள நட்சத்திர வடிவச் சக்கரம். பக்கத்தில் ஊசி வைத்த வட்டு. வட்டு ஒரு சுற்று சுற்றினால் ஊசி ஒரு பிளவுக்குள் நுழைந்து நட்சத்திரத்தை ஒரு கட்டம் நகர்த்திவிட்டு வெளியேறும். எட்டுப் பெட்டி என்றால் எட்டுப் பிளவு. தடித்த அட்டையிலேயே வெட்டலாம்.

கம்ப்யூட்டர்தான் வேண்டுமென்றால் ஆர்டுயினோ பலகையும் '28பிஒய்ஜே-48' என்ற ஸ்டெப்பர் மோட்டாரும். ஒரு சுற்றுக்கு 2048 படிகள். எட்டால் வகுத்தால் 256. அத்தனை படி போ, ஐந்து நொடி நில் என்று எழுதினால் வேலை முடிந்தது.

பொது அறிவு, புதுச்சேரி
ஜெயன்ட் வீலால் பணக்காரர் ஆனவர் யார்?

ஆங்கிலத்தில் அதற்கு 'ஃபெரிஸ் வீல்' என்று தன் பெயரைக் கொடுத்தவர் ஆகவில்லை. 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் ஜார்ஜ் ஃபெரிஸ் நிறுத்திய வீல் 264 அடி உயரம். 36 பெட்டிகள், ஒவ்வொன்றிலும் 60 பேர். ஆயிரம் குதிரைத் திறனில் இரண்டு நீராவி எஞ்சின்கள், அதில் ஒன்று மாற்றுக்கு. கட்டணம் 50 சென்ட். கூட்டம் அலைமோதியது. ஆனால் வருமானப் பங்கு வழக்கில் போய் நின்றது. ஃபெரிஸ் 1896-இல், 37 வயதில் கடனோடு இறந்தார். 1906-இல் அந்த வீலை வெடிவைத்துத் தகர்த்தார்கள். கவனித்தீர்களா? 2,160 பேரைச் சுமந்த வீலை ஓட்ட ஒரே எஞ்சின் போதுமாக இருந்தது.

பழைய மனிதர், மணப்பாறை
எங்கள் ஊர்த் திருவிழாவில் நாலு பெட்டி மர ராட்டினம் வரும். மோட்டார் கிடையாது. ஓர் ஆள் கையாலேயே சுற்றுவார். எட்டுப் பேர் உட்கார்ந்திருப்போம். அவ்வளவு பலமா அவருக்கு?

பலம் இல்லை ஐயா, பக்குவம். பெரிய பையனுக்கு எதிரே இரண்டு சின்னப் பிள்ளைகளை உட்கார வைப்பார். அச்சில் எண்ணெய் விடுவார். முதல் சுற்றை மட்டும் மூச்சுப் பிடித்துத் தள்ளுவார்; அதன்பிறகு கீழே வரும் பெட்டியை லேசாகத் தட்டிவிட்டு, மறு கையால் அடுத்த ஆட்டத்துக்குக் காசு வாங்குவார். எடை சமமாக இருந்தால் ஏறுகிற பெட்டியை இறங்குகிற பெட்டியே தூக்கிவிடும். அவர் கை ஈடுகட்டியது உராய்வை மட்டும்தான். உங்கள் மோட்டாருக்கும் அதுதான் வேலை.

இந்த வாரம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் மோட்டாரைக் குறை சொல்கின்றன. எனக்குத் தெரிந்தவரை குற்றம் அச்சில், எடையில், ரீஃபிலுக்குள் இறங்கிய பசையில். அதனால் கடைக்குக் கிளம்பும் முன் விரலால் ஒரு தட்டு தட்டுங்கள். பத்துச் சுற்று சுற்றி, ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் நின்றால் போய் மோட்டார் வாங்குங்கள். இரண்டு சுற்றில் நின்றால் எண்ணெய் வாங்குங்கள், அது பத்து ரூபாயோடு போகும்.